மரத்தின் குரலும் கரியின் குரலும்

'ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. தம் திறமைக் குறைவை மறைக்கக் கருவிமேற் பழிபோடுவாரை எள்ளி நகையாட எழுந்த மொழி அது. ஆயினும், கூடம் மெய்யாகவே கோணலாக இருக்கும் வேளையும் உண்டு. நரம்புக் கருவிகளைப் பொறுத்தவரை அவ்வேளைகள் மிகப் பல.

பிள்ளைக்கு ஆசையோடு கித்தார் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை நம் கல்முனைப் பகுதியில் இன்று காண்கிறோம். ஊக்கத்தோடு தொடங்கும் பிள்ளை, மாரி காலம் ஒன்று கழிந்ததும், 'விரல் நோகிறது. சுருதி சேரவில்லை' என்று கருவியைச் சுவரோடு சார்த்திவிடுகிறான். 'அவனுக்கு இசை ஞானம் இல்லை' என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். அவ்வாறு கைவிடப்பட்ட கருவிகள் சிலவற்றை நாம் எடுத்துப் பார்த்ததுண்டு. தந்திகள் இருக்கவேண்டிய உயரத்தினும் இருமடங்கு உயர்ந்து நின்றன. தேர்ந்த வித்துவானுக்கும் அக்கருவிகளில் விரல் நொந்திருக்கும். குற்றம் பிள்ளையுடையதன்று, காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பிய மரத்தினுடையது.

இவ்விடரைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்படுவது காபன் நாரினாற் செய்த கித்தார். வெளிநாடுகளிலிருந்து விடுமுறையில் வருவோர் சிலர் கையில் அந்தக் கரிய கருவியை இப்போது காண்கிறோம். 'மரத்தினும் இது மேலானதா? குரல் எப்படி? கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?' என்று மாணவரும் பெற்றோரும் நம்மிடம் வினவுகின்றனர். அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடும் மரம்

கித்தாரின் குலமரபை ஆராய்ந்தால் அங்கே மரம் என்னும் சொல்லே நம்மை வரவேற்கிறது. அரபு மக்கள் போற்றும் நரம்புக் கருவிக்கு 'ஊத்' என்று பெயர். மரம் என்பதே அச்சொல்லின் பொருள். நம் முஸ்லிம் சகோதரர் இல்லங்களில் மணம் கமழப் புகைக்கும் அகிற்கட்டையும் ஊத் என்ற அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஒன்று மணக்கும் மரம். மற்றையது பாடும் மரம். ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரிலிருந்து ஸ்பெயின் தேசத்துக் கொர்தோவாவுக்குச் சென்ற ஸிர்யாப் என்னும் இசைவாணர் அதற்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்பர். 'அல் ஊத்' என்ற பெயரே ஐரோப்பிய மொழிகளில் 'லூட்' எனத் திரிந்தது. அக்கருவி செழித்த ஸ்பெயின் மண்ணிலேதான் அதன் உறவுக் கருவியாகக் கித்தாரும் வளர்ந்தது.

இன்றைய கித்தாருக்கு உருவம் வகுத்துத் தந்தவர் அந்நாட்டுத் தச்சர் அந்தோனியோ தெ தொரெஸ். அவர் காலம் 1817 முதல் 1892 வரை. கித்தாரின் குரல் எப்பகுதியிற் பிறக்கிறது என்ற ஐயம் அவர் காலத்தில் இருந்தது. அதைத் தீர்க்க அவர் 1862இல் ஒரு விந்தையான கருவியைச் செய்தார். அதன் மேற்பலகை மட்டும் நல்ல மரம்; முதுகும் பக்கங்களும் வெறும் காகித அட்டை. கருவி நன்றாகவே பாடிற்று. குரலின் பெரும்பகுதி மேற்பலகையிலேயே பிறக்கிறது என்பதை அவர் அதனால் நிலைநாட்டினார். அக்கருவி இன்றும் பார்சலோனா நகர இசை நூதனசாலையில் இருக்கிறது.

இக்கருத்தை அண்மைக்கால ஆராய்ச்சியும் வலியுறுத்துகிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார், முதுகுக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வெவ்வேறு மரம் வைத்து, மற்றெல்லாம் ஒன்றுபோல் அமைந்த ஆறு கித்தார்களை 52 கலைஞரிடம் கொடுத்து, கருவியைக் கண்ணால் அடையாளம் காண இயலாதவாறு வாசிக்கச் செய்தனர். விலை மிக்க மரத்தையும் விலை குறைந்த மரத்தையும் அவர்களால் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. 2018இல் வெளிவந்த முடிவு இது. மரத்தின் பெயருக்காகவே பெரும்பணம் கொடுப்போர் இதனைச் சிந்திப்பது நன்று.

நம் கீழ்க்கரைக்கும் இக்கருவி புதியதன்று. போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர், கஃப்ரிஞ்ஞா என்னும் தம் ஆடலுக்கு வயலினும் கித்தாரும் இசைத்து வந்தனர். அவர்களுள் தச்சுத்தொழிலில் வல்லவர் பலர் இருந்தனர். பின்னர் 1960களிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய துள்ளிசைப் பாடல்கள் கித்தாரின் ஒலியைத் தமிழ் இல்லங்கள் எங்கும் கொண்டுசென்றன. நம் முஸ்லிம் ஊர்களிலோ நரம்புக் கருவியினும் தோற்கருவியே பெருவழக்கு. றபான் அடிப்போர் தோலைத் தீயில் வாட்டிச் சுருதி ஏற்றுவதை நாம் அறிவோம். காற்றின் ஈரம் இசைக்கருவியை என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நூலாகும் கரி

கரியிலே கருவி செய்வது எங்ஙனம்? மருதமுனை நெசவாளர்க்கு இது எளிதில் விளங்கும். நூலைப் பாவாகவும் ஊடாகவும் ஓட்டித் துணி நெய்வதுபோலவே காபன் நாரையும் துணியாக நெய்கின்றனர். செயற்கை இழை ஒன்றைப் பிராணவாயு புகாத சூளையில் ஆயிரம் பாகை சதமவெப்பத்துக்கு மேற் சூடேற்ற, மற்றப் பொருள்கள் நீங்கிக் காபன் மட்டும் நாராக எஞ்சும். ஒரு நாரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை நூறு கூறிட்டால் ஒரு கூறளவுகூட இராது. மனிதரின் தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. அத்துணியைக் கித்தார் வடிவான அச்சிலே படைபடையாக விரித்து, எப்பொக்சிப் பிசின் ஊட்டி, காற்றை உறிஞ்சி அழுத்தி, வெப்பத்தில் இறுகவிடுவர். அச்சைவிட்டு எடுத்தால் கருவியின் உடல் ஆயத்தம்.

நம் கடற்கரையில் உள்ளார்க்கு இவ்வித்தை முற்றிலும் புதியதன்று. மரத்தோணிகளும் வள்ளங்களும் நின்ற துறைகளில் இன்று பைபர் படகுகள் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் மரக்கலங்களைச் சிதைத்த பின்னர் அவை மிகப் பெருகின. அவை கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்தவை. கித்தாருக்கு வருவது காபன் நாரும் பிசினும் சேர்ந்தது. உறவினர் இருவர் போன்றவை இவை. பைபர் படகு நீரில் ஊறாது, உளுத்துப்போகாது, ஆனால் பாறையில் மோதினால் வெடிக்கும். மீனவர் அறிந்த இம்மூன்று குணமும் காபன் கித்தாருக்கும் பொருந்தும்.

படகுக்கும் இசைக்கும் உள்ள உறவைக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் செலோ வாசித்தவர் லூயிஸ் லெகியா. அவர் தம் பாய்ப்படகிற் செல்லும்போது, அலை மோதிப் படகின் நார்ப்பிசின் உடல் முழங்குவதைக் கேட்டார். 'இவ்வளவு நன்றாக முழங்கும் பொருளிற் செலோ செய்தால் என்ன?' என்ற எண்ணம் பிறந்தது. படகு கட்டும் வல்லுநர் ஒருவரோடு சேர்ந்து காபன் நாரிலே செலோ செய்தார். கித்தாரிலோ இம்முயற்சி அதற்கும் முந்தியது. ஹெலிகொப்டர் பொறியியலாளர் சார்ள்ஸ் கமன் தொடங்கிய ஓவேஷன் நிறுவனம் 1966இல் கண்ணாடி நாராலான வட்ட முதுகுடைய கித்தாரை வெளியிட்டது. 1976இல் அவர்களே மேற்பலகையிலும் காபன் நாரைப் புகுத்தினர். கருவி முழுவதையும் காபனாற் செய்து 1990களில் விற்பனைக்குக் கொண்டுவந்தவருள் முன்னோடி, ஹவாய்த் தீவில் வாழ்ந்த பௌதிகவியலாளர் ஜோன் டெக்கர். அவர் தம் கருவிக்கு இட்ட பெயர் 'ரெயின்சோங்'. மழைப் பாட்டு என்று பொருள். ஈரமும் மழையும் மிக்க தீவிலேயே அக்கருவி பிறந்தது கருதத்தக்கது.

கச்சானும் வாடையும்

மரத்தின் குற்றங்களை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையாரோடு யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தள்ளுகிறான். நீரில் நின்று இளகிய மரத்தாலானது ஒன்று. வாளால் வெட்டுண்ட மரத்தாலானது ஒன்று. இடி வீழ்ந்த மரத்தாலானது மற்றொன்று. பாடுமுன் கருவியைச் சோதிக்கவேண்டும் என்பதே அவன் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

மரம் நாரோட்டத்தின் நீளத்திலே பெரிதும் மாறுவதில்லை. குறுக்கே ஈரத்தைக் குடித்து விரியும், உலர்ந்து சுருங்கும். கித்தாரின் மேற்பலகை மூன்று மில்லிமீற்றரளவே தடிப்புடைய மெல்லிய பலகை. அதன் உட்புறத்தே தாங்குசட்டங்கள் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும். பலகை விரிய முயல, சட்டங்கள் தடுக்க, பலகை மேல்நோக்கி வளைந்து வயிறுபோல் உப்பும். அதன்மீது நிற்கும் குதிரை உயரும். குதிரையோடு தந்திகளும் உயரும். இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசையோ 70 கிலோகிராம் எடைக்கு மேற்பட்டது. வளர்ந்த மனிதர் ஒருவர் இரவும் பகலும் குதிரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பதற்கு அது ஒப்பாகும். ஈரத்தால் இளகிய பலகை அச்சுமையின் கீழ் மேலும் வளையும்.

கித்தார்த் தச்சர் தம் கருவிக்கு உகந்ததாகக் கூறுவது 45 தொடக்கம் 55 சதவீதம் வரையான ஈரப்பதன். நம் கரையோரக் காற்றின் ஈரமோ ஆண்டின் பெரும்பகுதியில் அதற்கு மிக மேற்பட்டது. ஐப்பசியில் தொடங்கி வாடை வீசும் மாரி முழுவதும் மரம் உப்பும். வைகாசி முதல் மலைகளைக் கடந்து வரும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியும் உடையது. மாரியில் உப்பிய பலகையை அது சுருக்கும். விரைந்து உலர்ந்தால் வெடிப்பும் நேரும். ஆக, ஆண்டுக்கு இருமுறை நம் கருவி உருமாறுகிறது. காபன் நாரோ நீரைக் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். வெப்பத்தாலும் அது மிகமிகச் சிறிதளவே விரியும். வாடையிலும் கச்சானிலும் அதன் வடிவம் ஒன்றே. இதுவே அதன் தலையாய சிறப்பு.

செவியின் தீர்ப்பு

இனி, குரலை ஒப்பிடுவோம். ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரமே கித்தார் மேற்பலகைக்குப் பெரிதும் வழங்குவது. காபன் நாரும் பிசினும் சேர்ந்த பொருள் அதனினும் ஏறத்தாழ நான்கு மடங்கு அடர்த்தியானது. நார் ஓடும் திசையிலோ பத்து மடங்கு அளவு விறைப்பானது. ஆதலால் பலகையை மிக மெல்லியதாக ஆக்கமுடியும்; உள்ளே தாங்குசட்டங்களைக் குறைத்தோ முற்றாக நீக்கியோ அமைக்கமுடியும். மரம் தன்னுள் எழும் அதிர்வின் ஒரு பகுதியை, சிறப்பாக உயர்ந்த உபசுரங்களை, தானே விழுங்கிவிடும். காபன் அவ்வளவு விழுங்குவதில்லை. இதனால் ஒலி நெடுநேரம் நிற்கும். உபசுரங்கள் கூர்மையாகக் கேட்கும்.

ஏட்டறிவு மட்டும் போதாது என்று கருதி, நம் பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்த காபன் கித்தாரையும், ஸ்புரூஸ் மேற்பலகையுடைய மரக் கித்தார் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டுக்கும் ஒரே வகைப் புதுத் தந்திகளைப் பூட்டி, ஒரே சுருதியிற் கூட்டினோம். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் திரைக்கு அப்பால் இருந்து இரண்டிலும் ஒன்றையே மாறிமாறி வாசித்தார். இப்பால் இருந்து கேட்டோம்.

தனித்தனி நரம்பைத் தெறித்தபோது வேறுபாடு தெளிவாகப் புலப்பட்டது. காபனின் ஒலி வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினாற்போல் எழுந்து, நீண்டு, மெல்லத் தேய்ந்தது. மரத்தின் ஒலி எழும்போதே கனிவுடையதாய் இருந்து, விரைவில் அடங்கிற்று. ஆறு நரம்பையும் ஒருங்கே வருடியபோது, காபனில் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியே கேட்டது; மரத்திலோ ஆறும் குழைந்து ஒரே குரலாயின. பாட்டுக்குத் துணையாக வாசிக்கையில் மரமே இனிது என்றனர் சிலர். கூட்டத்தில் றபான் அடித்துப் பழகிய அன்பர் ஒருவர், தாளத்தின் வெட்டுத் தெளிவாக விழுகிறது என்று காபனையே விரும்பினார். பின்னர், விரைந்த நடையில் பல நரம்புகளை மீட்டியபோது, எது எதுவென்று சொல்ல முற்பட்டவர் பலரும் தடுமாறினர். கறள் ஏறிய பழைய தந்திகளைப் பூட்டிக் கேட்டபோதோ வேறுபாடு இன்னும் குறைந்தது. பெருஞ்செலவில் வாங்கும் கருவியின் குரலைப் பழந்தந்தி ஒன்றே கெடுத்துவிடும் என்பதை அன்று நேரிற் கண்டோம்.

ஆகவே, காபனின் குரல் தாழ்ந்தது என்பதும் பிழை. மரத்தின் குரல் பழமையானது என்பதும் பிழை. இரண்டும் இருவேறு குரல்கள். எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நல்ல மரக்கருவி பல்லாண்டு வாசிக்க வாசிக்கக் குரல் கனியும் என்பது கலைஞர் பலரின் துணிபு. காபன் கருவி முதல்நாள் எப்படிப் பாடிற்றோ அப்படியே இருபதாண்டின் பின்னரும் பாடும். வளரும் குழந்தை ஒன்று. வயதேறாத பதுமை மற்றொன்று.

மேளம் கட்டுதல்

குரலினும் முதன்மையானது கருவியின் அமைப்புச் சீர். வீணை வாசிப்போர் இதனை நன்கறிவர். வீணையின் மெட்டுகள் மெழுகின்மீது பதிக்கப்படுகின்றன. மெழுகு இளகிச் சுரம் பிசகும்போது, வல்லுநர் வந்து 24 மெட்டுகளையும் செவியால் அளந்து மீளப் பதிப்பார். அதற்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். கித்தாரில் மெட்டுகள் கழுத்திலே அசையாது பதிந்திருப்பதால், நாம் திருத்தக்கூடியவை தந்தியின் உயரமும் கழுத்தின் வளைவுமே. ஆயினும் கித்தாருக்கும் மேளம் கட்டவேண்டும். அதைக் கட்டாமலே கடையிலிருந்து நேரே பிள்ளையின் கையிற் கொடுத்துவிடுகிறோம்.

உயரம் ஏன் சுருதியைக் கெடுக்கிறது? 650 மில்லிமீற்றர் நீளமுள்ள தந்திக்கு முதல் மெட்டு, மேருவிலிருந்து 36.5 மில்லிமீற்றரில் இருக்கும். பன்னிரண்டாம் மெட்டு மிகச் சரியாகப் பாதியில், 325 மில்லிமீற்றரில் இருக்கும். இக்கணக்கு, தந்தி மெட்டுக்கு மிக அருகில் நிற்கும் என்ற எண்ணத்தில் வகுத்தது. தந்தி மிக உயர்ந்திருந்தால், அதை அழுத்தும்போதே அது இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். பிள்ளை மெட்டைச் சரியாகவே பிடித்தும் அபசுரம் எழுவதன் காரணம் இதுவே.

இசை தெரியாத பெற்றோரும் கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று உண்டு.

முதலாவது, தந்தியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டின்மேல், இரும்புத் தந்திக் கித்தாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றரும், மெல்லிய தந்தி 2 மில்லிமீற்றர் அளவும் உயர்ந்து நிற்கலாம். அளவுகோல் இல்லையேல் வங்கி அட்டைகளே போதும். ஓர் அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர்; மூன்றை அடுக்கினால் 2.3 மில்லிமீற்றர் ஆகும். மூன்று அட்டைகள் தந்தியைத் தூக்காமல் மட்டுமட்டாக நுழைந்தால் உயரம் தக்கது. ஐந்தும் ஆறும் எளிதாக நுழைந்தால் அக்கருவியைத் திருத்தாமல் வாங்கலாகாது.

இரண்டாவது, கழுத்தின் வளைவு. தடித்த தந்தியை முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடிக்க, நடுவே ஏழாம் மெட்டருகில் எழுதுதாள் இரண்டின் தடிப்பளவு இடைவெளி இருக்கவேண்டும். மிகுந்தால் கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கிறது; சிறிதும் இல்லையேல் தந்தி மெட்டுகளில் உரசி இரையும்.

மூன்றாவது, சுரத்தின் நேர்மை. பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை விரலால் மெல்லத் தொட்டுத் தெறித்தால் மணிபோல் ஒரு சுரம் எழும். அதே மெட்டில் தந்தியை அழுத்தித் தெறித்தாலும் அதே சுரம் எழவேண்டும். இரண்டும் வேறுபட்டால் குதிரையிலோ தந்தியின் உயரத்திலோ பிழை உண்டு.

காபன் கருவியையும் இம்மூன்றாலும் சோதிக்கவேண்டும். பலர் இங்கேதான் ஏமாறுகின்றனர். காபன் தான் பெற்ற அளவைக் காக்கும். நல்ல அளவையும் காக்கும். பிழையான அளவையும் காக்கும். அதன் மேருவையும் குதிரைமேல் உள்ள தந்திதாங்கியையும் வல்லுநர் கையால் ஒருமுறை அராவிச் சீர்செய்தல் மரக்கருவிக்குப் போலவே இன்றியமையாதது. வேறுபாடு யாதெனில், மரத்துக்கு அதனை மாரிதோறும் மீளப் பார்க்கவேண்டும். காபனுக்கு ஒருமுறை செம்மையாகச் செய்தால் நெடுங்காலம் போதும்.

கரியின் குறைகள்

காபனை வானளாவப் புகழ்வோர் சில உண்மைகளைச் சொல்லாது விடுகின்றனர். கருவியின் உடல் கரியாயினும் தந்திகள் இரும்பும் வெண்கலமுமே. முறுக்காணிகளும் மெட்டுகளும் உலோகமே. நம் கடற்காற்றின் உப்பு அவற்றை விட்டுவைக்காது. காபன் கருவிக்கும் தந்தி கறளேறும். வெயிலிலே தந்தி நெகிழ்ந்து சுருதி இறங்கும். நாள்தோறும் சுருதி கூட்டும் கடமையிலிருந்து எவருக்கும் விடுதலை இல்லை.

உடைந்தால் திருத்துவதும் எளிதன்று. மரம் வெடித்தால் ஊரிலுள்ள நல்ல தச்சர் பசையிட்டுச் சேர்ப்பார். பைபர் படகு திருத்துவோர்க்குத் துணியும் பிசினும் கைவந்தனவே. ஆயினும் கித்தாரின் மேற்பலகையில் ஒரு படை மிகுந்தாலும் குரல் மாறிவிடும். படகுக்கு ஏற்ற மருத்துவம் பாட்டுக்கு ஏற்காது.

விலையும் மலைப்பூட்டுவது. நெய்த காபன் துணியால் முழுவதும் ஆகிய கருவிகள் ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேலும் பல ஆயிரம் வரையும் விலைபோகின்றன. அதே பெயரில் மிகக் குறைந்த விலைக்கு வருவனவும் உண்டு. அவற்றுட் பல, பிளாஸ்டிக்கோடு காபன் துணுக்குகளைக் கலந்து அச்சில் வார்த்தவை. ஈரத்தைத் தாங்குவதில் அவையும் நல்லனவே; ஆயினும் நெய்த துணியின் விறைப்பும் குரலும் அவற்றில் இல்லை. 'காபன்' என்ற ஒரு சொல்லைக் கண்டு மயங்காது, நெய்ததா வார்த்ததா என்று கேட்டறிதல் வேண்டும்.

எவர்க்கு எது?

வெளியூர் மேடைகளுக்குச் சென்று, வெயிலிலும் மழையிலும் வாசித்துப் பிழைக்கும் கலைஞர்க்கு, வசதி இருப்பின், காபன் கருவி உற்ற துணை. அவர்க்கு உறுதியே செல்வம்.

பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு அது வேண்டியதில்லை. ஒட்டுப்பலகையை மேற்பலகையாகக் கொண்ட எளிய கித்தார் போதும். படைகளை ஒன்றன் குறுக்கே ஒன்றாக ஒட்டியிருப்பதால், முழுமரப் பலகையினும் அது ஈரத்தை நன்கு தாங்கும். குரலிற் சற்றே குறைவிருக்கலாம். அமைப்புச் சீர் குலையாமை அதை ஈடுசெய்யும். சிறு பிள்ளைகளுக்கு நைலோன் தந்திக் கித்தார் மிக உகந்தது. அதன் இழுவிசை இரும்புத் தந்தியின் பாதியளவே. விரலும் நோகாது, பலகையும் வருந்தாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, கருவியைச் சீர்செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதனினும் பயன்மிக்க செலவு வேறில்லை.

முழுமரக் கருவி வைத்திருப்போர் அதனைப் பேணும் வழி எளிது. வாசிக்காத வேளையில் உறைப்பெட்டியுள் மூடி வையுங்கள். மாரியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகளை உள்ளே இட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். மழை நனைக்கும் வெளிச்சுவரிற் கருவியைச் சார்த்தாதீர்கள்; வெயிலில் நிற்கும் வாகனத்துள் விடாதீர்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடையுங்கள். மெல்லிய தந்திகளையே பூட்டுங்கள். தைப்பொங்கல் கழிந்து வானம் வெளுத்ததும் ஒருமுறையும், கச்சான் தொடங்கியதும் ஒருமுறையும் மேற்சொன்ன மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள்.

அளவே இசை

கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராகத் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக உயர்ந்தவர். பழந்தமிழரின் யாழ்கள் ஒன்றேனும் அவர் கைக்கு எட்டவில்லை. அவை மரத்தாலானவை, மண்ணோடு மண்ணாயின. ஆயினும் நூல்களிற் பொதிந்திருந்த அளவுகள் அழியவில்லை. ஒரு நரம்புக்கும் அதன் ஐந்தாம் நரம்புக்கும் உள்ள 2:3 என்னும் விகிதம் எந்தக் கறையானாலும் அரிக்கப்படாதது. அவ்வளவுகளைப் பௌதிகக் கணக்காலும் இலக்கியச் சான்றாலும் ஆராய்ந்து, யாழின் உறுப்புகளுக்கு ஓர் இயலும், அதன் நரம்புகளுக்கு ஓர் இயலும் வகுத்து, 1947இல் அடிகளார் 'யாழ் நூல்' தந்தார். மறைந்த கருவி அளவுகளின் வழியே மீண்டும் உருப்பெற்றது.

நம் கடலோரத்துப் பிறந்த அப்பெரியார் செய்த ஆராய்ச்சி இன்றைய வினாவுக்கும் விடை தருகிறது. மரம் இனிமை தரும். கரி உறுதி தரும். ஆனால் இசையைத் தருவது அளவு. அளவு பிழைத்த கருவி எப்பொருளாலாயினும் பாடாது. பயில்வார் உள்ளத்தையும் ஒடித்துவிடும். ஆதலால், வீட்டுச் சுவரோடு சார்ந்து நிற்கும் கித்தார் ஒன்று உங்களிடம் இருப்பின், புதியதொன்றுக்குப் பணம் சேர்க்குமுன், 'நமக்கு இசை வராது' என்று பிள்ளை நம்பிவிடுமுன், மூன்று வங்கி அட்டைகளை எடுத்துக்கொண்டு அதனருகே செல்லுங்கள். கோணல் கூடத்திலா, ஆட்டத்திலா என்பது அப்போதே தெரிந்துவிடும்.